அமலி அக்காவின் மீன் சிப்ஸும் வெள்ளை மூடி பாட்டிலும்

என் கொழுந்தன் ஸ்டீபன் இங்கிலாந்தில் ஆறு வருஷமாக மீன் சிப்ஸ் கடையில் வேலை பார்க்கிறான். போன மாதம் லீவில் வந்தவன், வந்த நாளிலிருந்து அந்த ஊர் மீன், அந்த ஊர் சிப்ஸ் என்று ஒரே புராணம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க ஊர் அமலி அக்கா கடையில ஒரு பிளேட் சாப்பிடு, அப்புறம் பேசு" என்றேன். நான் பிறந்து வளர்ந்தது மரக்காணம், வாக்கப்பட்டதுதான் திண்டிவனம். ஊரை விட்டுக்கொடுத்துப் பேசிப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமலி அக்காவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அவனையா இங்க கூட்டிட்டு வரப்போற?" என்றார். காரணம் உண்டு. 'இங்கிலாந்து மீன் சிப்ஸ்' என்று போர்டு வைத்து இருபத்தாறு வருஷமாகக் கடை நடத்துகிறவர், வேறு எங்கேயும் அதை ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் வேலை பார்த்தபோது, அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது.

"அவன் வந்து இது அது இல்லன்னு சொல்லிட்டான்னா போர்டை இறக்கிடுவேன். இத்தனை வருஷம் ஊரை ஏமாத்தி வித்த மாதிரி இல்ல ஆயிடும்?" என்றார் அக்கா. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான், போர்டு போகப்போவது அவருடையது.

சனிக்கிழமை காலை 10.20-க்குத் திண்டிவனத்தில் பஸ். மரக்காணத்துக்கு 36 கிலோமீட்டர், ஆளுக்கு 32 ரூபாய். இடது பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. பெருமுக்கல் மலை தாண்டியதும் ஸ்டீபன் தூங்கிவிட்டான். 11.35-க்கு இறங்கி, கூனிமேடு பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஆளுக்கு 20 ரூபாய்.

"அமலி அக்கா கடையில நிறுத்துங்க" என்றேன்.

"இங்கிலீஷ்காரம்மா கடைதானே?" என்றார் டிரைவர். "சீக்கிரம் போங்க. ரெண்டு மணிக்கு மேல மீன் இருக்காது."

நான்கு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உப்பளம், பாத்தியெல்லாம் வெயிலில் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி கொண்டுபோவது நல்லது. கடை ரோட்டோரமாகவே இருக்கிறது. ஓட்டுக்கூரை, ஆறு மேசை. வாசலில் மீன் கூடை நிமிர்ந்திருந்தால் கடை உண்டு, கவிழ்ந்திருந்தால் அன்றைக்கு இல்லை. ஐஸ் மீன் வாங்கிப் பொரிக்கும் வழக்கமே கிடையாது. அக்காவின் வீட்டுக்காரர் படகில் போய்க் கொண்டுவருவதுதான்.

அன்றைக்குக் கொடுவா மீன். சோடா ஊற்றிக் கரைத்த மாவில் தோய்த்துப் பொரித்த பெரிய துண்டு, விரல் தடிமனில் உருளைக்கிழங்கு, வேகவைத்து மசித்த காய்ந்த பட்டாணி. பிளேட் 180 ரூபாய். மேசை மேல் வெள்ளை மூடி போட்ட பாட்டில். உப்புத்தண்ணியில் எலுமிச்சம்பழத்தை அரிந்துபோட்டுப் பத்து நாள் வெயிலில் வைத்தது. அக்கா உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிய வீட்டுப் பெண். புது உப்பு கசக்கும் என்று, ஒரு வருஷமாவது குவியலில் கிடந்த உப்பாகத் தேடி வாங்குவார். இந்தத் தண்ணிக்காகவே புதுச்சேரியிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்டீபன் தெளித்தான், தின்றான், திரும்பவும் தெளித்தான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார்.

"ஒளிக்காம சொல்லு தம்பி. அங்க இருக்கிற மாதிரிதான் இருக்குதா?"

"இல்லக்கா."

மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். நகர்த்திக்கொண்டான்.

"மாவா?"

"மாவு அதேதான். பட்டாணியும் அதேதான்."

"அப்ப தண்ணி" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. "அந்த வெள்ளைக்காரரு பையில ஒரு பாட்டில் வச்சிருந்தாரு. பழுப்பா, புளிப்பு வாசனையா இருக்கும். ஒரு சொட்டு சிந்த விடமாட்டாரு, நான் எப்படி கேக்கறது? வாசனையை வச்சி நானா பண்ணதுதான் இது."

ஸ்டீபன் பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தான். இங்கிலாந்து வினிகர், அக்கா சொன்ன அதே பழுப்பு. வீட்டுக்கென்று கொண்டுவந்ததை அக்காவுக்குக் கொடுக்கலாமென்று பையில் போட்டுக்கொண்டானாம், என்னிடம்கூடச் சொல்லவில்லை கள்ளன்.

அக்கா ஒரே ஒரு சிப்ஸை எடுத்து, அதன்மேல் இரண்டு சொட்டு விட்டு வாயில் போட்டார். மென்றார். முகம் கோணியது. இன்னொன்றை எடுத்துத் தன் தண்ணியைத் தெளித்துத் தின்றார். அப்புறம் பழையபடி வினிகர்.

"இதுக்கா அந்த மனுஷன் உயிரை விட்டாரு?" என்றார்.

ஸ்டீபன் சிரித்துவிட்டான். "அக்கா, ஆறு வருஷமா இதைத்தான் தெளிச்சிக் குடுத்துக்கிட்டிருக்கேன். நீங்க எனக்கு இன்னொரு பிளேட் கொண்டாங்க. உங்க தண்ணி போதும்."

அவன் சொன்னதைவிட, அக்கா நிமிர்ந்து நின்ற நிற்புதான் எனக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான்.

பில் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், அக்கா ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதறிப்போய், "ஏங்க்கா, அவன்தான் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டானே" என்றேன்.

"அது இல்லன்னும் சொன்னானே" என்றார். "கொஞ்சம் பிடிச்சிக்கோ."

போக நினைக்கிறவர்களுக்கு: பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமை லீவு. கார்டு எடுக்க மாட்டார்கள், போனில் பணம் அனுப்பலாம், ஆனால் சிக்னல் வந்து வந்து போகும். பாட்டில் கேட்டால் ஒன்று 60 ரூபாய்க்குத் தருவார்கள். ஸ்டீபன் மூன்று வாங்கித் துணிக்கு நடுவே சுற்றி எடுத்துப்போனான். அவன் வேலை பார்க்கும் கடையில் இப்போது அது தீர்ந்துவிட்டதாம், எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்கிறான்.

ஆட்டோவில் மட்டும் இங்கிலீஷ்காரம்மா கடை என்றே கேளுங்கள், அந்தப் பெயர் இனி போகாது. பழைய போர்டைத் தேடினால் ஏமாந்துவிடுவீர்கள். 'இங்கிலாந்து' என்று இருந்த இடத்தில் நீல பெயின்ட் அடித்து, அதன் மேல் வெள்ளையில் 'மரக்காணம்' என்று எழுதியிருக்கிறது.