அத்தை செய்த கருப்பை

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, நர்சிங் இரண்டாம் வருடம் படித்தபோது கருப்பை மாடல் ஒன்றைச் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை அதை மேசைமேல் வைத்து விளக்கிச் சொன்னால்தான் பிராக்டிகல் தேர்வில் பாஸ். மற்ற பெண்கள் தெர்மாகோலை அறுத்துக்கொண்டிருக்க, அத்தைக்கு மட்டும் களிமண்மேல் ஆசை வந்தது. கீரமங்கலம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அது புரவி எடுப்புச் சமயம். ஐயனாருக்கு நேர்ந்துகொண்ட மண்குதிரைகள் மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுச் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தன. அத்தையும் தன்னுடையதைக் கொண்டுபோய்க் கொடுத்து, கூடவே வைத்துச் சுட்டுத் தரச் சொன்னாள்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே செய்திருந்தாள். கவிழ்த்து வைத்த பேரிக்காய் போல உடம்பு, மேலே இரண்டு பக்கமும் வளைந்து போகும் குழாய்கள், அவற்றின் நுனியருகே பாதாம்பருப்பு மாதிரி சினைப்பைகள். நான் என்னவென்று கேட்டதற்கு, "நீ பொறக்குற வரைக்கும் இருந்த எடம்" என்றாள். இவ்வளவு சின்ன இடத்தில் நான் எப்படிக் கால் நீட்டினேன் என்பதுதான் என் கவலை.

எங்கள் வீட்டில் அந்த உறுப்புக்குப் பெயரே கிடையாது. டாக்டரிடம் போனாலும் 'அடிவயிறு' என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பார்கள். அதனால் அத்தை பெரியப்பாவிடம் வாயே திறக்கவில்லை. வினை அங்கேதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்துக் குதிரையை எடுக்கப் போன பெரியப்பாவிடம், "இதுவும் ஒங்க வீட்டுப் பொண்ணு செஞ்சதுதாங்க" என்று பக்கத்தில் இருந்ததை வேளார் வீட்டில் காட்டியிருக்கிறார்கள். மாடு சீக்கிலிருந்து பிழைத்தால் காளைத் தலை செய்து வைப்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு பக்கமும் வளைந்து நின்றதைப் பெரியப்பா வேறு எப்படிப் பார்ப்பார்? டவுனில் படிக்கப் போயும் தங்கச்சிக்குப் பக்தி குறையவில்லை என்று உச்சி குளிர்ந்து, தன் தலையிலேயே சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்.

சூளையில் மாடலைக் காணாமல் அத்தை ஓட, நானும் பின்னாலேயே ஓடினேன். கோயிலில் குதிரைகளுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. குழாய்களில் செவ்வந்தி மாலை, உடம்பில் சந்தனத்தால் இரண்டு கண்கள். அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது.

பூசாரி கையை விரித்தார். சாமிக்கு வைத்ததைத் திரும்ப எடுக்கக்கூடாதாம். காலேஜுக்கு வேண்டும் என்று அத்தை கெஞ்சினாள்.

"காளைத் தலைய வச்சுக் காலேஜுல என்னத்தா செய்வ?" என்றார் பெரியப்பா, நிஜமான ஆச்சரியத்தோடு.

அத்தை கண்ணைத் துடைத்தாள். "அண்ணே, அது காளை இல்ல, கருப்பை. பொம்பளைக்குள்ள இருக்கும்ல, புள்ள வளர்ற எடம், அது."

மேளக்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டார். பெரியப்பா தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பூசாரிதான் முதலில் தெளிந்தார். "யாரும் நேராத பொருள சாமி வச்சுக்காது, எடுத்துக்கத்தா."

எடுக்க விட்டால்தானே? பெண்கள் சூழ்ந்துகொண்டு, எது எது என்று சொல்லிவிட்டுப் போ என்றார்கள். ஆண்கள் மெல்ல வேப்பமரத்தடிக்கு ஒதுங்கினார்கள். அத்தை மாலையைக் கழற்றிவிட்டு, முதலில் தரையைப் பார்த்து, பிறகு டீச்சர் மாதிரியே சொன்னாள். முட்டை எங்கிருந்து வருகிறது, மாதாமாதம் ரத்தம் ஏன் போகிறது, சோறு போகும் வயிறும் பிள்ளை வளரும் இடமும் ஏன் வேறு வேறு. மறுநாள் பிராக்டிகலில் கேட்டதெல்லாம் இதில் பாதிகூட இல்லையாம். நல்ல மார்க்கும் வாங்கினாள்.

"ஆணா பொண்ணான்னு எது முடிவு பண்ணுது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது பொம்பள கையில இல்ல. ஆம்பளகிட்டேருந்து வர்ற அணுதான் முடிவு பண்ணுது."

மூன்றாவதும் பெண்ணாகவே பிறந்த என் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்த அம்மா, "கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

அத்தை சொன்னாள்.

"சத்தமா சொல்லுத்தா. மரத்தடிக்குக் கேக்கல."

அத்தை கத்தியே சொன்னாள். மரத்தடியில் அப்பா வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டிருந்தது. அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதோ என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரே கவலை.