கை சுடாத தாச்சி

கொழும்பு வெள்ளவத்தையில் கலியாண வீடுகளுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுக்கும் அருந்ததியின் கைக்குத் தெருவே பயம். பழுதான மீன் கொடுத்தவனைச் சந்தைக்குள் வைத்தே அறைந்தவள். குடித்துவிட்டு மாடிப்படியில் வம்புக்கு வந்தவனின் முன்பல்லை அகப்பைக் காம்பால் உடைத்தவள். கணவர் நமசிவாயத்தின் நெற்றித் தழும்பு, அவள் எறிந்த பாதித் தேங்காயால் வந்தது. கேட்டால், “படியில விழுந்தனான்” என்பார்.

மார்பில் புற்றுநோய் வந்தபோது அதனோடும் அப்படியே மல்லுக்கு நின்றாள். கீமோ ஏற ஏற விரல்கள் விறைத்து மரத்துப்போயின. பிளவுஸ் கொளுக்கியை நமசிவாயந்தான் மாட்டிவிட்டார்.

“டொக்டரிட்ட மூச்சு விடக்கூடாது. மருந்தைக் குறைச்சுப்போடுவார். என்ர அக்கா இதே வருத்தத்துக்கு மருந்தைப் பாதியில விட்டுத்தானே செத்தவ” என்று பிள்ளையார் படத்துக்கு முன்னால் அவரிடம் சத்தியம் வாங்கினாள்.

விறைப்பு இருக்கா என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அவள் இல்லை என்பாள். ஒருநாள் டொக்டர் விடவில்லை.

“நரம்பு பழுதாகினால் ஒரு புரதம் ரத்தத்தில கசியும். ஆராய்ச்சிக்கெண்டு எடுத்த உங்கட ரத்தத்தில அது ஏறிக்கொண்டு போகுது. மருந்தைக் குறைக்கிறதைப் பற்றி அடுத்த முறை கதைப்பம்.”

வீடு வந்ததும் அருந்ததி நேரே அடுப்படிக்குப் போனாள். ரோல்ஸ் ஓடருக்குத் தாச்சியில் எண்ணெயைக் கொதிக்க வைத்தாள்.

“ரத்தம் கதைக்குமோ? போன முறை குடையை விட்டிட்டன் எண்டு திரும்பிப் போனீங்களே, அப்பதானே சொன்னனீங்கள்?”

“பிள்ளையாரறிய நான் சொல்லேல்லையப்பா.”

“பொய்! என்னைச் சாகக் குடுத்திட்டு ஆரைக் கட்டப் போறீங்கள்?”

“உம்மட்ட வாங்கின அடிக்குப் பிறகு இன்னொண்டோ எனக்கு?”

அகப்பை பறந்து வந்து அவர் காதைக் கிழித்தது. சட்டையில் இரத்தம் சொட்டியது. அதோடு அடங்காமல், கொதிக்கும் தாச்சியின் இரண்டு பிடிகளையும் வெறுங்கையால் பற்றித் தூக்கினாள். எண்ணெய் தளும்பியது. நமசிவாயம் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தோல் கருகும் மணம் முதலில் அவருக்குத்தான் பிடிபட்டது.

“அருந்ததி, கையைப் பாரும்!”

“கதையை மாத்தாதையுங்கோ!”

அவர் பாய்ந்து அதே பிடிகளைப் பற்றித் தாச்சியை அடுப்பில் அழுத்தினார். தொட்டவுடனேயே அலறினார். சிந்திய எண்ணெய் அவர் பாதத்தைப் பொரித்தது. அந்த அலறலுக்குப் பிறகுதான் அவள் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். தோல் இரும்போடு போயிருந்தது. சூடு இன்னும் அவளுக்குத் தெரியவில்லை.

“என்ர உடம்பே காட்டிக் குடுத்திட்டுது. நீங்கள் சொல்லேல்லைத்தான்” என்றாள். குழாயைத் திறந்து முதலில் அவர் கையைத்தான் பிடித்தாள்.

அடுத்த கிளினிக்குக்கு இருவரும் கைக்கட்டோடு போனார்கள். டொக்டர் வாய் திறக்குமுன்னே அருந்ததி சீறினாள்:

“விறைப்பு இருக்கு. மருந்தைக் குறையுங்கோ. குறைச்சு வருத்தம் திரும்பி வந்தால் உங்களையும் சும்மா விடமாட்டன்.”

டொக்டர் சிரித்தார்.

“சிரிக்காதையுங்கோ, டொக்டர்” என்றார் நமசிவாயம், தையல் போட்ட காதைத் தடவிக்கொண்டு. “அவ செய்வா.”