இரண்டாவது சிடி

அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் பாதிப் படம். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொடுத்தது; அட்டைகூட இல்லாத ஏதோ வெளிநாட்டுப் படம். டெலிபோன் ரிசீவரை ஒரு பெட்டிமேல் கவிழ்த்து வைத்து, அடுத்தவன் கம்ப்யூட்டருக்குள் நுழைகிற மாணவனின் கதை. போலீஸ் கதவைத் தட்டும் இடத்தில் முதல் சிடி முடிந்துவிடும். இரண்டாவது சிடியில் கீறல், ஓடவே இல்லை. மாணவன் மாட்டினானா, தப்பித்தானா என்று கேட்டுக் கேட்டே அண்ணன் எங்கள் ஊர் ஜங்லிகாட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தான், அவனுக்குத் தலையும் நரைத்தது.

பிறகு சர்க்கரை கண்ணைப் பிடித்தது. பார்வை இன்னும் சில மாதம்தான் என்றார் டாக்டர். அதற்குள் அந்த மீதிப் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றான் அண்ணன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்போது எங்கள் தீவில் நெட் இருந்தும் இல்லாத மாதிரிதான். படம் வேண்டுமென்றால், மெயின்லேண்ட் போகிறவர் கையில் பென்டிரைவ் கொடுத்தனுப்ப வேண்டும். சென்னை போயிருந்த அத்தை மகனிடம், “பழைய ஹேக்கிங் படம்” என்று போனில் கத்தினேன். லைன் விட்டுவிட்டு வந்தது.

“அச்சா, அச்சா, புரிஞ்சிட்டு” என்றான்.

கப்பல் தேதி தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாக வந்து சேர்ந்தான். பென்டிரைவில் நாலு ஹாக்கிப் படம் இருந்தது. மட்டையும் பந்தும் வைத்து ஆடுகிற ஹாக்கி.

“நீ ஹாக்கின்னுதான சொன்ன?” என்றான் என்னிடம். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணன் மட்டும் சிரித்தான். திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்து நாலையும் பார்த்தான். அடுத்த கப்பல் வருவதற்குள் பார்வை போய்விட்டது.

அதற்குப் பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது, நெட் பறந்தது. கதையைத் தட்டித் தட்டித் தேடி, போன மாதம் படத்தைப் பிடித்தேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அண்ணன் பழக்க தோஷத்தில் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கீழே ஓடிய எழுத்தை நான் படித்துச் சொன்னேன்.

கதவு திறந்ததுமே மாணவனைப் பிடித்துவிட்டார்கள். மீதி முழுக்க ஜெயில்.

“ஏட்டி, என்னாச்சி?”

“தப்பிச்சிட்டான், அண்ணே.”

அண்ணன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான்.

“தப்பிச்சவன் எதுக்குட்டி அழுவுறான்?”

நான் சத்தத்தைக் குறைத்தேன்.