சாரங்கபாணி ஹார்டு டிஸ்க் வாங்கியது

சாரங்கபாணிக்கு எதையும் சட்டென்று வாங்கத் தெரியாது. தெலுங்கு பேசும் ஊரில் மத்திய அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட உள்ளே விடாத மனுஷர். மனுஷர் ரிட்டயர் ஆனார், அந்தப் புத்தி ரிட்டயர் ஆகவில்லை.

இந்தத் தடவை தேடியது ஒரு ஹார்டு டிஸ்க். மனைவி அலமுவின் குரலை அதில் பத்திரப்படுத்த வேண்டும். தொண்டையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் பத்து நாள் உட்கார்ந்து பேசிப் பேசிப் பதிவு செய்தாள். நாற்பத்தோரு பதிவு. மோர்க்குழம்புக்கு அரைப்பது, மகள் வித்யாலட்சுமி பிறந்த கதை, பாதிக்குப் பாதி இவருடைய தெலுங்கைப் பற்றிய கேலி. அப்புறம் எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து, போய்விட்டாள். அவள் போன் என்றோ கெட்டுவிட்டது. பதிவுகள் இருந்த பழைய லேப்டாப்பும் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருந்தது.

வித்யா புனேயிலிருந்து ஞாயிறுதோறும் கேட்பாள். "அப்பா, அம்மா பேசினதை எனக்கு அனுப்புங்கோளேன்."

"டிஸ்க் வாங்கி மொத்தமா காப்பி பண்ணி அனுப்பறேன். அரைகுறையா நக்கோ, வேண்டாம்."

அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுக்க நாலு மாதம் ஆயிற்று. தனி அடாப்டர் வைத்ததா, யு.எஸ்.பி. வயரிலேயே கரண்ட் எடுத்துக்கொள்வதா? அடாப்டர் கெட்டால் உள்ளே இருப்பவளும் போய்விடுவாள் என்று பயந்து, கடைசியில் வயரிலேயே ஓடுவதை வாங்கினார். அலமு இருந்திருந்தால், "பொண்ணு பார்க்க வந்தப்போகூட இத்தனை யோசிக்கலை" என்றிருப்பாள்.

வீட்டில் செருகினார். விளக்கு மினுக்கியது, டக் டக்கென்றது, அணைந்தது. பழைய லேப்டாப்பிலிருந்து அதை ஓட்டுகிற அளவுக்குக் கரண்ட் வரவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஹப்சிகுடாவில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனார்.

கடையில் ஸ்மிதா என்ற தெலுங்குப் பெண். ஹிந்தியிலேயே பேசியிருக்கலாம். விதி யாரை விட்டது? தெலுங்கில் பேசினால் கூடுதல் சிரத்தையாகச் செய்வாள் என்று நினைத்தார். இத்தனை வருஷமும் வீட்டுக்குத் தெலுங்கு பேசியது அலமுதான். இவர் தமிழில் நினைத்து வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போடுகிறவர்.

"லோபல உன்ன டேட்டா ஏம் செய்யாலி, அங்கிள்?" உள்ளே இருப்பதை என்ன செய்வது என்று கேட்டாள்.

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு எடுத்துவிடு என்று சொல்ல நினைத்தார். சொன்னது இது: "அன்னீ தீசெய்யம்மா. ஒக்கட்டி கூட வதலொத்து."

"ஷ்யூரா?"

"ஹவ், ஷ்யூர்" என்று ஆமாம் போட்டார்.

மறுநாள் ஸ்மிதா சரிசெய்து கொடுத்த லேப்டாப்பில் வீட்டில் செருகியபோது நீல விளக்கு அணையாமல் எரிந்தது. டிஸ்கைத் திறந்தார். காலி. லேப்டாப்பைத் துழாவினார். அதுவும் காலி.

ஆட்டோ பிடித்து ஓடினார். ஸ்மிதாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மீரே கதா அங்கிள், தீசெய்யமன்னாரு?" நீங்கள்தானே அழிக்கச் சொன்னீர்கள் என்றாள். லேப்டாப்பை விற்கப்போகிறார் என்று நினைத்து, ஒன்றும் மிஞ்சாதபடி துடைத்து சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருந்தாள். மூன்று நாள் அவளே மீட்டெடுக்கப் போராடினாள். ஒரு பதிவுகூடத் திரும்பவில்லை.

பதினேழாவது பதிவு ஞாபகம் வந்தது. போவன்பள்ளி மார்க்கெட்டில் இவர் தக்காளிக்காரனிடம் 'தீசெய்' என்று சொல்லப்போய், அவன் பையிலிருந்த தக்காளியையெல்லாம் திரும்பக் கொட்டிக்கொண்ட கதை. "ஏன்னா, தீஸ்கோன்னா எடுத்துக்கோ. தீசெய்னா எடுத்துப் போட்டுடு. எத்தனை தடவை சொல்றது? நான் பக்கத்துல இல்லாதப்போ வாயைத் தொறக்காதீங்கோ" என்று சொல்லிச் சிரிப்பாள்.

வார்த்தைகள் அப்படியே இருந்தன. அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. நாலு மாதத்தில் ஒரே ஒரு பதிவையாவது வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டிருக்கக் கூடாதா, பாவி!

ஞாயிற்றுக்கிழமை வித்யா கூப்பிட்டாள்.

"டிஸ்க் வாங்கிட்டேளாப்பா?"

"வாங்கிட்டேன்."

"நன்னா வேலை செய்யறதா?"

மேஜைமேல் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "செய்யறதும்மா. தனியா கரண்டே வேண்டாம்."

"அப்போ அம்மா பேசறதை ஒண்ணு போடுங்கோளேன், கேக்கறேன்."

சாரங்கபாணி வாயைத் திறக்கவில்லை.