கட்டிலுக்கு அடியில் அம்மா

அலுவலகத்துக்கு வரும் பிள்ளைகள் அவளைப் பொம்மை டீச்சர் என்பார்கள். பாடம் எதுவும் நடத்துகிறவள் இல்லை. பெற்றவர்கள் பிரிந்து நீதிமன்றம் ஏறினால், பிள்ளையின் மனசுக்குள் அப்பா எப்படி இருக்கிறார், அம்மா எப்படி இருக்கிறாள் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. நேரே கேட்டால் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒப்பிக்கும். அதனால் ஒரு பொம்மை வீடு, ஒரு பொம்மைக் குடும்பம். அவள் கதையைத் தொடங்கிவைப்பாள், பிள்ளை முடிக்கும். நடுவில் “அப்புறம் என்னாச்சு?” என்று மட்டும் கேட்கலாம். “ஏன்?” என்று கேட்டால் பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைத் தேடும், அதனால் கூடாது. இந்த விதியில் அவள் ரொம்பக் கறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் மீறினால் வறுத்தெடுத்துவிடுவாள்.

“நான் ஏன் லேட்டுன்னுகூட கேக்க மாட்டியா?” என்று வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

முன்பல் விழுந்த ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். அப்பாவிடம் போவதா, அம்மாவிடம் இருப்பதா என்று வழக்கு.

“பாப்பா கை பட்டு பால் கொட்டிருச்சு. அப்புறம் என்னாச்சு?”

சிறுமி அம்மா பொம்மையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அப்பா பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்து, பாப்பா பொம்மையைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“அப்பா சாப்பிடறாரு. அவ்ளோதான்.”

ஏன் என்ற கேள்வி டீச்சரின் நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டாள். அம்மாவை ஒதுக்குகிறாள், அப்பாவோடு ஒட்டுதல் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தாள். எல்லாம் தெரியும் என்கிற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல. அவள் எழுதியதை நம்பி நீதிமன்றம் சிறுமியை அப்பாவோடு அனுப்பியது. அம்மாக்காரி நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அந்த வருஷ மழை முடிவதற்குள் சிறுமி மறுபடி வந்தாள், கையில் மாவுக்கட்டோடு. மாடியிலிருந்து விழுந்துவிட்டதாக அப்பா சொன்னாராம். பள்ளிக்கூடம் நம்பவில்லை.

அதே பொம்மை வீடு, அதே பால் கொட்டிய கதை. இந்தத் தடவை சிறுமி அம்மா பொம்மையைத் தொடவே இல்லை. பாப்பா பொம்மையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள். விதியாவது ஒன்றாவது.

“பாப்பாவ ஏன்மா அங்க வெச்ச?”

“அப்பா அடிப்பாருல்ல. முன்னாடி அம்மாவ ஒளிச்சு வெப்பேன். இப்பதான் அம்மா அங்க இல்லையே.”

“அன்னைக்கே ஏன் கண்ணு சொல்லல?” டீச்சர் குனிந்து கேட்டாள்.

“நீங்க கேக்கலையே,” என்றாள் சிறுமி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பொம்மையின் காலை உள்ளே தள்ளியபடி.