குழலுக்கு அடியில் இருக்கிற பெயர்

பழைய இங்கிலீஷ் துப்பாக்கியின் மேல் பொறித்திருக்கும் பெயரை நம்பாமல் இருப்பதுதான் என் தொழில். மதுரையில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் பழுது பார்க்கச் சேர்ந்தவன், ஒரு லென்ஸையும் நோட்டையும் வைத்துக்கொண்டு இதை நானாகவே கற்றுக்கொண்டேன். பழைய ரேடியோ, பழைய தையல் மெஷின் என்று எதையாவது கழற்றி மாட்டுகிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

பொட்டு வைத்த பெயர்

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்தார். குழல்களின் நடுவே லண்டன் கடை ஒன்றின் பெயர். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அந்த எழுத்துகளுக்குள் காய்ந்து போயிருந்தது.

குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைக் காட்டினேன். குழலைச் சுட்டுச் சோதித்ததற்கு அடிக்கும் பர்மிங்காம் முத்திரையும், பக்கத்தில் அரிசி அளவில் செய்தவர் பெயரின் இரண்டு எழுத்தும் இருந்தன. "இது பர்மிங்காம்ல ஒரு சின்னப் பட்டறையில செஞ்சது. லண்டன்காரர் வாங்கித் தன் பேரைப் போட்டு வித்திருக்கார். அப்ப அதுதான் வழக்கம்" என்றேன். அவர் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப இம்புட்டு வருசமா கடைக்காரனுக்கா பொட்டு வச்சோம்?"

இரண்டு எண்கள்

போன வருடம், அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் செல்லப்பாண்டி, மனைவி தனத்தோடு வந்தார். அப்பா இறந்ததும் அவருடைய துப்பாக்கியை எங்கள் கடையில் ஒப்படைத்துவிட்டு, உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டிருந்தார். உரிமப் புத்தகத்தில் இருந்தது நான்கு இலக்க எண். துப்பாக்கியின் விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் இருந்ததோ ஐந்து இலக்கம். இது அப்பாவின் துப்பாக்கிதான் என்று காட்டாவிட்டால் உரிமமில்லாத ஆயுதம் என்று வழக்காகும் என்று உரிமம் தரும் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"வெளியே இருக்கிறது வித்த கடையோட எண்ணா இருக்கும். செஞ்சவர் போட்ட எண் உள்ளே இருக்கும், பயப்படாதீங்க" என்றேன். தனம் கணவரை ஒரு பார்வை பார்த்தார்: "இவுகளுக்கு எதையும் உள்ள பாக்குற பழக்கம் கெடையாதுண்ணே. பொண்ணு பாக்க வந்தப்பவே மிக்சரத்தான் பாத்தாக."

பளபளப்பு

குழல்களைக் கழற்றினேன். அடிப்பக்கமும், அது உட்காரும் இடமும் புதுப் பாத்திரம் போல மின்னின. எண் இல்லை, முத்திரை இல்லை. அழுக்கோடு ஒப்படைத்தால் அப்பாவுக்கு மரியாதையில்லை என்று, கடைக்குக் கொண்டுவருவதற்கு முன் செல்லப்பாண்டி தன் பட்டறையில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். அதுவும் லேத்காரர் கை. ஒரு கீறல்கூட மிச்சமில்லை.

எண் ஒத்துப்போகாததைவிட, எண்ணை அழித்தது பெரிய குற்றம். அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. செல்லப்பாண்டி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சுத்தமாக் குடுக்கணும்னுதானேண்ணே தேச்சேன். நான் என்ன களவாணிப்பயலா?"

ஒரு திருகாணி

வீட்டில் பேச ஆளில்லாதவனுக்கு ஒரு வசதி உண்டு. குறுக்கீடு இல்லாமல் கவலைப்படலாம். மனைவி போனதிலிருந்து எனக்கு அந்த வசதி இருக்கிறது. மறுநாள் காலை அரிசி களையும்போதுதான் முன்கட்டை நினைவுக்கு வந்தது. குழலுக்குக் கீழே இடது கை பிடிக்கும் மரத்துண்டு அது. அதற்குள் ஓர் இரும்பு உண்டு. செய்கிற பட்டறையில், ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றோடு மாறிவிடாமலிருக்க எல்லாவற்றிலும் ஒரே எண்ணைப் போடுவார்கள்.

இரண்டு பேரையும் வரச்சொன்னேன். அந்த இரும்பைப் பிடித்திருக்கும் திருகாணியின் தலையில் உள்ள வெட்டு முடி போல மெல்லியது. அதற்கென்று நானே ராவி வைத்திருக்கும் திருப்புளியால் கழற்றினேன். பழைய எண்ணெய்க் கறையைத் துடைத்ததும் எண் தெரிந்தது. நான் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, தனம் புத்தகத்தில் விரல் வைத்து "ஆமா", "ஆமா" என்றார். நாலாவது "ஆமா" அழுகையாக வந்தது. பக்கத்தில் செய்தவரின் இரண்டெழுத்தும் இருந்தது.

ஆய்வுக்கு வந்த அதிகாரியும் இரும்பைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எண் ஒத்துப்போனதால், தெரியாமல் தேய்த்ததை அவர் குற்றமாக எடுக்கவில்லை. உரிமம் மாறியது. துப்பாக்கியை வாங்க வந்த அன்று, நிம்மதியில் செல்லப்பாண்டி கேட்டார், "அந்த இரும்பு கறுத்துப்போய்க் கெடக்கே, லேசாத் தேச்சு விடவாண்ணே?" நான் வாயைத் திறப்பதற்குள் தனம் சொன்னார்: "தேக்கணும்னா வீட்டுல பாத்திரம் கெடக்கு, வாங்க."

இங்கிலீஷ் துப்பாக்கிகளைச் செய்தவர்களின் பெயர் இன்னும் நமக்குக் கிடைக்கிறதென்றால், நம் ஊர்த் திருப்புளி எதுவும் அந்தத் திருகாணியின் வெட்டுக்குள் நுழையாததுதான் காரணம்.