மைக்கில் போன என் வேண்டுதல்

போன வருஷம் ஆடி பிறந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் பவித்ரா அயர்லாந்தில் உணவுப் பரிசோதனை சம்பந்தமான மேல்படிப்பை முடித்து மாதங்கள் ஓடிவிட்டன. வேலை மட்டும் கிடைக்கவில்லை. படித்து முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை தேட அந்த நாட்டு அரசு கொஞ்ச காலம் அனுமதி கொடுக்கும். அந்தக் காலம் கரைந்துகொண்டே வந்தது. அதற்குள் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

திரும்பி வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். என் அப்பா அம்மா இதே அயனம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நானும் என் வீட்டுக்காரரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறோம். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறியவள் அவள் ஒருத்திதான். அந்தப் படிப்புக்கேற்ற வேலையில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்று அத்தனை ஆசை அவளுக்கு. வெறுங்கையோடு திரும்பினால் மனசு ஒடிந்துபோவாள். அதைத்தான் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவாள். சிரிப்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா? கன்னம் ஒட்டிப்போயிருந்தது. போனில் தெரியும் அவள் முகத்தைத் தடவுவேன். கண்ணாடிதான் விரலில் படும். கூட வேலை செய்பவர்கள் பார்த்துவிடுவார்களே என்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கல்யாணமோ, வீடோ, வேலையோ, கைக்கு வரும்வரை வாயைத் திறக்க மாட்டோம். கண் பட்டுவிடும் என்ற பயம். நானும் பவித்ராவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

"வேல தேடிகினு கீறேன்னு யார்கிட்டயும் மூச்சு வுடாத. கெடச்சப்புறம் சொல்லிக்கலாம்."

தெருவில் யார் கேட்டாலும், "இன்னும் படிச்சிகினு கீறா" என்பேன். எங்கள் எல்லையம்மன் கோயிலில்கூட மனசுக்குள்தான் வேண்டுவேன். பக்கத்தில் நிற்பவள் காதில் விழுந்துவிடக் கூடாது பாருங்கள்.

ஆடி ஞாயிறு அன்று கூழ் ஊற்றினோம். வீட்டுக்கு வீடு கூழ் காய்ச்சிக் கொண்டுவந்து கோயில் வாசல் அண்டாவில் ஊற்றுவோம். அதற்கு முன்னால் பூசாரி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வேண்டுதல் கேட்பார். என் முறை வந்தது.

"யார் பேருக்கும்மா? இன்னா வேண்டுதல்?"

வழக்கமாக 'குடும்பத்துக்கு' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அன்று அம்மனின் முகத்தைப் பார்த்ததும் அழுகை வெடித்துவிட்டது.

"என் பொண்ணு பவித்ராக்கு அந்த ஊர்ல வேல கெடைக்கல தாயே! அவ மூஞ்சப் பாக்க முடியல. நீ இன்னாத்துக்குக் கீற, சொல்லு! ஒரு வழி காட்டு!"

சாமியிடம் சண்டைதான் போட்டேன். ஆனால் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் வாசித்த மைக்கைப் பூசாரி அணைக்க மறந்திருந்தார். என் கூச்சல் குழாய் ஸ்பீக்கர் வழியாகத் தெரு முழுக்கப் போய்விட்டது. ஏரிக்கரை வரைக்கும் கேட்டதாம்.

எனக்கு மானமே போனது. கூழ்க் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் எதிர்வீட்டு சரசா என்னைக் கட்டிக்கொண்டாள். "அடிப்பாவி, இத்தயா இத்தினி நாளா மூடி வச்சிகினு இருந்த?" என்று அவளும் அழுதாள். எந்தக் கண்ணுக்குப் பயந்தேனோ, அந்தக் கண்களெல்லாம் எனக்காகக் கலங்கி நின்றன.

எங்கள் மாடியில் குடியிருக்கும் நித்யா, சேலத்துப் பெண், ஐடி கம்பெனியில் இருக்கிறாள். அன்று சாயந்திரம் இறங்கி வந்தாள். "அக்கா, அந்த ஊர்லல்லாம் பாதி வேலை விளம்பரத்துக்கே வராது. தெரிஞ்சவங்க மூலமாத்தான் ஆள் எடுப்பாங்க. பவித்ரா தேடறது அங்க யாருக்காவது தெரியுமா?"

உடனே போன் போட்டுக் கேட்டேன். "நீதானேம்மா சொல்லக் கூடாதுன்ன!" என்றாள். அவள் பகுதி நேரமாக வேலை பார்த்த ரொட்டிக்கடை முதலாளியம்மாவுக்கே தெரியாதாம். இன்னும் படிக்கிறாள் என்றே நினைத்திருக்கிறார். தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை!

"சொல்லுடி. எல்லார்கிட்டயும் சொல்லு. இங்க ஊருக்கே சொல்லியாச்சி" என்றேன்.

மறுநாளே கடையில் சொன்னாள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று அந்த அம்மா கோபித்துக்கொண்டாராம். அந்தக் கடைக்கு வெண்ணெய் அனுப்பும் கம்பெனியில் தரம் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அவரே பேசினார். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அதன் பிறகு பதிலே இல்லாத நாட்களில் நான் தினமும் கோயில் வாசலில் போய் நின்றேன்.

புரட்டாசியில் ஒரு நாள், மத்தியானம். "அம்மா, கெடச்சிடுச்சிம்மா. வெண்ணெ கம்பெனி லேப்ல" என்றாள். மேலே பேச முடியாமல் இருவருமே அழுதோம். எங்கள் கம்பெனியில் பேக்கிங் பண்ணி வைத்திருந்த பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் இன்றும் கிண்டல் செய்வார். "அம்மனா குடுத்தா? மைக் செட்டுக்காரன்தான் குடுத்தான்."

"அந்த மைக்க அணைக்க மறக்க வச்சது யாரு?" என்பேன்.

அன்றிலிருந்து நான் எதையும் மூடி வைப்பதில்லை. சோதனையில் இருப்பவர்களே, வெட்கப்படாதீர்கள். தாயிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நாலு பேர் காதில் விழட்டும். அவள் உதவி எந்த மனுஷர் கை வழியாக வரும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

வேலை கிடைத்துவிட்டது. புது வேலை என்பதால் இந்த வருஷமும் அவளால் வர முடியவில்லை. கேட்டதைக் கொடுத்தவளிடம் குறை சொல்லக் கூடாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் போய் நின்று சத்தமாகவே கேட்கிறேன். "தாயே, ஒரே ஒரு தடவ, அவள என் மடில படுக்க வைம்மா." பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.